கணக்கில் சேராத பதில்

1967இல் ஜெர்மன் நகரமான ஹனோவரில் உலோக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த உமாபதி, லிண்டெமான் அம்மாளின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். அந்த அக்டோபரில் ஊரில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் கொல்லப்பட்டார். கறுத்த ஆள் ஒருவன் ஓடியதாக யாரோ சொன்னதைப் பத்திரிகைகள் போட்டன.

அந்த வாரமே கருத்துக்கணிப்பு எடுக்கும் பெண் ஒருத்தி வந்து, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டாள்.

"கட்டாயம் வேணும்," என்றார் லிண்டெமான் அம்மாள்.

மாடியிலிருந்து இறங்கிவந்த உமாபதியைப் பார்த்து அந்தப் பெண், "வெளிநாட்டுக்காரங்க பதில் கணக்குல சேராது. சும்மா சொல்லுங்களேன்," என்றாள்.

சேராத பதில் எதற்கு? போலீஸ் அனுப்பிய ஆளோ என்று உமாபதிக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தும் நினைத்ததைச் சொன்னார். "வேண்டாங்க. தப்பான ஆளைக் கொன்னுட்டா?"

"உங்களுக்கு ஏன் அந்தப் பயம்?" என்றார் லிண்டெமான் அம்மாள்.

அன்றிலிருந்து அவர் சமையலறையைப் பூட்டிவைக்க ஆரம்பித்தார். கொலை நடந்த அன்று உமாபதி வேலைக்கு வந்தாரா என்று ஆய்வுக்கூடத்துக்கே போன் போட்டு விசாரித்தார். அவர் போனில் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம் உமாபதியும் படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டார்.

மூன்றாம் வாரம் கொலைகாரன் பிடிபட்டான். அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரரின் மகன்.

"பாவம், குடி அவனைக் கெடுத்துடுச்சு. ஜெயிலே போதும்," என்றார் லிண்டெமான் அம்மாள்.

"அன்னிக்கு வேணும்னு சொன்னீங்களே?"

"அது வேற."

உமாபதி மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தார். அதன்பின் பதினோரு வருடம் ஹனோவரிலேயே வேலை பார்த்தார். யாராவது தூக்குத் தண்டனை வேண்டும் என்று பேச்செடுத்தால், யாரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்றே யோசிப்பார்.