அவனே சொல்லட்டும்

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கூடுவது ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். எல்லாரும் வயது வந்தவர்கள், எல்லாருக்கும் ஆட்டிசம். நான் கணக்கு டீச்சர். எனக்கு இது இருப்பது தெரிந்ததே நாற்பதைத் தாண்டித்தான். அதுவரை ஊர் எனக்கு வைத்த பெயர் ‘திமிர் பிடிச்சவ’. திமிரும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்!

டாக்டர் யாரும் வருவதில்லை. மேலதிகாரி கத்தினால் என்ன செய்வது, கல்யாண வீட்டு மேளச் சத்தத்தை எப்படித் தாங்குவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். ஒரே ஒரு கண்டிப்பு: ஒருவர் சொல்ல வேண்டிய பதிலை இன்னொருவர் சொல்லக்கூடாது. பிறந்ததிலிருந்து எங்களுக்காக வீட்டார்தானே பேசி வந்திருக்கிறார்கள். அதனால் இங்கே எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம்.

எங்களில் ஒருவன் பெரியதாழை என்கிற கடலோர ஊர்க்காரன், துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை. அன்றைக்கு அவனுடைய அண்ணன் தடதடவென்று மாடியேறி வந்தார். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்களாம்.

“இங்க வந்த பெறவுதான் இவன் அடம் பிடிக்கான் டீச்சர். தனக்கு இப்படின்னு பொண்ணுகிட்ட சொல்லணும்ங்கான். சொன்னா எவ கட்டுவா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்பான்.”

“அவர்கிட்டயே கேளுங்க,” என்றேன்.

அண்ணன் தம்பி பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். “ஏலே, நாளைக்கி இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு.”

அவன் பேசவில்லை. யாராவது சத்தம் போட்டால் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும். பிடிவாதம் இல்லை, சொல் தொண்டை வரை வந்து அடைத்துக்கொள்ளும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

“பாத்தியளா, ஒண்ணும் சொல்லல. சம்மதந்தான். எந்திரிலே, போவோம்.” மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

நல்லா இருக்கே நியாயம்! இது சம்மதமா என்று கத்த நாக்கு துடித்தது. கத்தியிருந்தால் நானும் அவரும் சண்டை போட்டிருப்போம். அவன் நடுவில் பொம்மை மாதிரி நின்றிருப்பான்.

“கைய விடுங்க. அவர் பதில் சொல்லுவார். உக்காருங்க.”

“எம்புட்டு நேரம்?”

“தெரியாது.”

கையை விட்டார், உட்காரவில்லை. எனக்குப் பயம். அவன் பேசாமல் எழுந்து அண்ணன் பின்னால் போய்விட்டால்? பகலெல்லாம் எல்லாரையும் போலப் பள்ளிக்கூடத்தில் நடித்துவிட்டு வந்தாலே எனக்கு ராத்திரி சோறு இறங்காது. சொந்த வீட்டுக்குள் ஆயுள் முழுக்க நடிப்பதென்றால் மனுஷன் என்ன ஆவான்? ஏமாந்து வருகிற அந்தப் பெண்தான் என்ன ஆவாள்? அண்ணன் போட்ட சத்தத்தில் பொத்திய காதை என் பக்கத்தில் இருந்தவர் இன்னும் விடவில்லை.

அவன் போனை எடுத்தான். தட்டினான், அழித்தான், மறுபடியும் தட்டினான். பேச்சு வராதபோது எழுதியதைப் போன் வாசிக்கும். ஏதோ ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

“அண்ணே. நீங்க விட மாட்டியன்னு நான் அந்தப் பொண்ணுகிட்ட போன வாரமே மெசேஜ்ல சொல்லிட்டேன்.”

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “கெடுத்தியே காரியத்த! மாட்டேன்னுட்டாளா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“பெறவு என்னதாம்லே சொன்னா?” அவர் குரல் இப்போதுதான் இறங்கியது.

மறுபடியும் தட்டினான். இந்த முறை அழிக்கவில்லை.

“கட்டிக்கிட சம்மதந்தான்னா. ஆனா கல்யாணம் ஆன பெறவும் உங்களுக்காக உங்க அண்ணன்தான் பேசுவாரான்னு கேட்டா. அவளுக்கு நான் என்ன சொல்ல?”

குரல் நின்றது. அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல், அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.