சகலையின் சிவப்பு ஃபில்டர்

பெரிய மாமாவுக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அடுத்தவன் மாடி வீடு கட்டினால் வாழ்த்துவார். அடுத்தவன் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினால் மனதாரக் கை குலுக்குவார். ஆனால் அடுத்தவன் தன் பிக்கப் வண்டியில் ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த அடுத்தவன் சின்ன மாமாவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இருவரும் என் அக்காக்களின் கணவர்கள். சகலைகள். தொழிலும் ஒன்றுதான்: மரச்சாமான் பட்டறைகளிலிருந்து பீரோ, கட்டில், மேசைகளை ஏற்றிப்போய் வீடுகளில் இறக்குவது. நான் பெரிய மாமாவின் வண்டியில் கூடப்போகும் ஆள். கட்டிலின் ஒரு முனை அவர், மறுமுனை நான். அவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வைத்த பீரோ என்றால் பழைய கம்பளியால் சுற்றி, கயிறு படுகிற மூலைக்கெல்லாம் சைக்கிள் டியூப் துண்டு வைத்து, ஒருமுறை குலுக்கிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். இத்தனை வருடத்தில் ஒரு சாமானில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்த வண்டியைப் பற்றி மனைவி வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. பெரியக்காவோ அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சத்தம் வந்தது. தெருமுனையிலிருந்தே ஓர் உறுமல், ஆக்சிலேட்டரை விட்டதும் நீளமாக ஒரு பெருமூச்சு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இறங்கியவர், சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல் பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டக் கம்பெனி வைத்த கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளைந்த குழாய், அதன் நுனியில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர்.

"ஏர் இன்டேக்கை மாத்திட்டேண்ணே. இன்ஜின் இப்பதான் நிம்மதியா மூச்சு விடுது. மேட்டுல சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது."

"அப்படியா," என்றார் பெரிய மாமா.

பெரியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "சத்தமே கம்பீரமா இருக்கு தம்பி," என்றாள்.

பெரிய மாமாவுக்குப் பொறாமை பற்றிக்கொண்டது அப்போதுதான். கல்யாணமான நாளிலிருந்து தன் வண்டிக்குக் கிடைக்காத வார்த்தை, போயும் போயும் மனைவியின் தங்கை புருஷனுடைய ஒரு குழாய்க்குக் கிடைத்துவிட்டது. சின்ன மாமா கிளம்பும்வரை அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போகாமல் நேரே மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, அதே மாதிரி ஒரு சிவப்புக் கூம்பு கேட்டார். மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"எதுக்குண்ணே இது? கம்பெனிக்காரன் வச்ச பெட்டி வெளியில இருந்து குளுந்த காத்தை இழுக்குது. இது திறந்து கிடக்கும், இன்ஜின் சூட்டையே திரும்ப இழுக்கும். உங்க வண்டிக்கு இதால இழுவை கூடாது, சத்தம்தான் கூடும். அதுவும் நீங்க போறது மரத்தூள் பறக்குற இடம். கழுவிக்கிட்டே இருக்கணும்."

"அவன் வண்டியில இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப மாட்டு. அவன்துவிட ஒரு சுத்து பெரிசா இருக்கணும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கழற்றிய கறுப்புப் பெட்டியை அவர் துணியால் துடைத்து மேல் பலகையில் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். தேடி வருவீங்க," என்றார். பெரிய மாமா காதில் வாங்கவில்லை.

அன்று மூன்று கதவு பீரோ ஒன்றை ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனோம். வண்டி போட்ட சத்தத்தில் நடந்துபோனவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். ஆனால் எப்போதும் திணறுகிற அதே மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டி திணறியது. எப்போதும் போல இரண்டாவது கியருக்கு இறக்கினார்.

"இழுவை தெரியுதா மாப்ளே?"

"காது அடைக்கிறது தெரியுது மாமா."

"உனக்கு ரசனை கிடையாது," என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். வேண்டுமென்றே மிதித்து, தெருவே அதிரும்படி வந்தார். பெரியக்கா வாசலுக்கு ஓடி வருவாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள், அந்த வார்த்தையைச் சொல்வாள். அவர் முகத்தில் இதெல்லாம் எழுதியிருந்தது.

கேட் சாத்தியிருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது. வீட்டுக் கதவும் சாத்தி, திரைச்சீலைகூட இழுத்துவிட்டிருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எத்தனையோ வருடமாக அந்தக் கேட் திறந்தேதான் இருந்திருக்கிறது. வண்டியை நிறுத்தாமல் நேரே உள்ளே விட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அது ஏன் திறந்திருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஹாரன் அடித்தார். திரைச்சீலை ஓரமாக ஒரு கண் தெரிந்தது. பிறகு பெரியக்கா வெளியே வந்தாள்.

"நீங்களா? நான் தங்கச்சி வீட்டுக்காரர்னு நினைச்சு சாத்திட்டேன். வந்தா பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உயிரை எடுப்பாரு."

"நேத்துக் கம்பீரமா இருக்குன்ன?"

"வீட்டுக்கு வந்தவர் மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்றது? நம்ம வண்டிக்கு என்ன ஆச்சு? வளைவுல கியர் மாத்துறப்ப லேசா இருமுமே. அதைக் கேட்டுத்தானே தினமும் கேட்டைத் திறந்துட்டு அடுப்புல தோசைக்கல்லைப் போடுவேன். இன்னைக்குக் காணோமேன்னு அடுப்பை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன்."

மாமா மெதுவாக, "அவன் வண்டிச் சத்தம் உனக்கு எப்படி அவ்வளவு நல்லாத் தெரியும்?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"தெரியலைன்னா எப்படிக் கதவைச் சாத்துறது?" என்று சொல்லிவிட்டு பெரியக்கா உள்ளே போனாள்.

மறுநாள் நாங்கள் போய் நின்றபோது மெக்கானிக் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். கழற்றிய சிவப்புக் கூம்பை மாமா சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் வளைவில் மாமா வேகத்தைக் குறைத்து, நிதானமாகக் கியர் மாற்றினார். வண்டி இருமியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் விரியத் திறந்திருந்தது. உள்ளே தோசைக்கல் சத்தம் கேட்டது. மாமா வண்டியை அணைத்தார், ஆனால் இறங்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததே இல்லை.

"மாப்ளே, அவன் அவ்வளவு சத்தம் போட்டுக்கிட்டுப் போறானே, அவனுக்கு வீட்ல இப்படிக் கேட் திறக்குமா?"

திறக்கும். சின்ன மாமா மூன்று தெரு தள்ளி வரும்போதே சின்னக்கா திறந்துவைத்துவிட்டு, வாசலுக்கே வந்து நின்றுவிடுவாள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மாமா," என்றேன். அந்தச் சிவப்புக் கூம்பு இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது.