கத்தரிப் பாத்தியில் மாமா

யுத்தம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த வருடங்களில், எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க்குப் பெரியகல்லாற்றில் நல்ல பேர் இருந்தது. அதற்குக் காரணம் சின்ன மாமா. அந்தக் காரணத்தை ஊருக்குச் சொன்னது நான்.

அம்மாவின் தம்பியான அவர் ஒரு மாரிக்கு முன்னர் எங்களிடம் வந்தார். வந்தவர் வாசல் படலையைத் தாண்டவேயில்லை. சுற்றிவளைப்புகளில் அவர் வயதுப் பொடியன்களை இராணுவம் ஏற்றிக்கொண்டு போன காலம். மாமாவுக்குத் தோட்டத்தில் அவ்வளவு பிரியம், அதனால்தான் வெளியே போவதில்லை என்று நான் நம்பினேன்.

எங்கள் பின்வளவு வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் கண்முன்னே மறைந்துவிடும். மாமா கத்தரிச் செடிகளுக்கிடையில் தினமும் முழங்கை ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டுவார். பூசணித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை என்று அன்றைய குசினிக் கழிவெல்லாம் அதற்குள் போகும். மண்ணால் மூடி, நாய் கிளறாமல் பழைய தென்னோலைக் கிடுகொன்றை வைத்துக் கல்லேற்றுவார். மறுநாள் அடுத்த கிடங்கு. பாத்தி முடிந்து திரும்பி வரும்போது முதல் கிடங்கில் மண் கறுத்திருக்கும். பிடித்தால் உருண்டையாக நிற்கும். அதை என் மூக்கருகே நீட்டி, "மணந்து பார், மனே" என்பார். நானும் ஏதோ பலகாரம்போல முகர்வேன்.

வீட்டுக் கழிவு போதவில்லை. ஒழுங்கை முனையில் மீன் வெட்டும் அக்காவிடம் குடல் கேட்கப் போனேன்.

"குடலைக் கறி வைக்கப் போறியா?" என்று சிரித்தாள்.

"கத்தரிக்கடியில புதைக்க. எங்கட மாமா கேட்டவர்."

அவள் கத்தி நின்றது. வாளியை நிரப்பித் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மறுகா ஆரும் கேட்டா அம்மா கேட்டவ எண்டு சொல்லு, மனே. மாமாட கதையே எடுக்காத."

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மா மண்வெட்டியைத் தொட்டதே கிடையாது.

அந்தக் கிழமையே சங்கக்கடை வரிசையில் ஒரு மாமி அம்மாவிடம், "என்ன மருந்து கா போடுறாய்? காய் இப்பிடிக் காய்க்குது!" என்றார். அம்மா சிரித்து மழுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா இல்லை, மாமாதான் என்று உரத்துச் சொன்னேன். பகல் முழுக்கப் பின்வளவில்தான் நிற்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். முன்னும் பின்னும் பேச்சு நின்றது. அம்மா அரிசி வாங்காமலே என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாமா ஏசவில்லை. "விடு அக்கா. எனக்குப் பேர் வாங்கித் தந்திரிக்கான்" என்று சிரித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, பொழுது சாயுமட்டும் பாத்தி நெடுகக் கிடங்குகள் வெட்டினார்.

"நாளைக்கு ஒண்டு, மனே. எல்லாத்தையும் ஒரே நாளில நிரப்பிப்போடாத."

விடிந்தபோது அவர் இல்லை. தோணியில் வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்கு, உறவினர் ஒருவரின் வயல் காவலுக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னார். அங்கேயே கலியாணம் முடித்து, பேரப்பிள்ளை கண்டு, வயது போய்த்தான் அவர் கண்மூடினார். ஆனால் அவர் மறுபடி எங்கள் படலையைத் திறந்து வந்தது அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான். அது என் வாயால் வந்தது. மன்னிப்புக் கேட்க வருடக்கணக்கில் நேரமிருந்தும் நான் கேட்கவில்லை.

மாமா போன அன்று காலை கழிவு வாளியோடு பின்வளவுக்குப் போன நான், வரிசையாக வாய் திறந்து கிடந்த கிடங்குகளைப் பார்த்துத் துள்ளினேன். இனி வெகுநாளைக்கு எனக்கு மண் வெட்டும் வேலையில்லை. எவ்வளவு நல்ல மாமா என்று நினைத்துக்கொண்டு முதல் கிடங்கில் வாளியைக் கவிழ்த்தேன்.