கீரனூருக்கு ஏற்றிவிட்டேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தேன். ஆள் வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒரு நாள் காலை, எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, கீரனூருக்கு வண்டி எப்பங்க? எங்கம்மா தேடுமுங்க" என்றார். இந்த வயதில் அம்மாவா என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். பழனிப் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பழனியில் கீரனூர் பஸ் மாற்றிவிடும்படி கண்டக்டரிடமும் சொல்லி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணே, எங்கய்யாவப் பாத்தீகளா? தண்ணி எடுத்துட்டு வாரதுக்குள்ள கதவத் தொறந்துட்டுப் போயிட்டாரு!"

அடையாளம் சொன்னாள். அவரேதான். "கீரனூர்க்காரர்தானேம்மா?" என்றேன்.

"அது பொறந்த ஊருண்ணே. நாப்பது வருசமா இங்கனதான் இருக்காரு. அங்க எங்களுக்கு யாருமே இல்ல. இப்ப என்னையவே யாருன்னு கேக்குறாரு."

அடுத்த பஸ்ஸில் அவளோடு நானும் ஏறினேன். உட்காரவே முடியவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி டீக்கடை, மரத்தடி என்று தேடினேன். சீக்கிரம் எடுக்கச் சொல்லி டிரைவரிடம் திட்டும் வாங்கினேன். சாப்பிட்ட கையோடு மறுபடி சோறு கேட்பாராம். எரியும் அடுப்பில் கையை வைத்துவிடுவாராம். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பதற்றம் கூடியது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழனியில் எங்கள் கண்டக்டர் சிரித்த முகத்தோடு வந்து, "நீங்க சொன்னாப்புலயே ஏத்திவிட்டுட்டேண்ணே" என்றார். அவரை என்ன சொல்வது?

கீரனூரில் உச்சி வெயிலில், செருப்பில்லாமல், யார் வீட்டு வாசலிலோ நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்து அந்த வீட்டார் இலையில் சோறு வைத்திருந்தார்கள். அவர் தொடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் அழவில்லை. அவர் கையைப் பிடித்து, "அம்மா வத்தலக்குண்டுல இருக்காகய்யா, வாங்க போவோம்" என்றாள். அவர் கூடவே நடந்தார்.

இப்போது அதை மறதி நோய் என்கிறார்கள், எனக்கும் அந்தப் பெரியவரின் வயது தாண்டிவிட்டது. அன்று அவர் கேட்ட ஊருக்குச் சரியான பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் மனம் ஆற மாட்டேன் என்கிறது.