மூத்தாருக்கென்று ஒரு விலா

செருப்புச் சித்தி என்று ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால், அதை உரித்தெடுப்பது லேசான காரியமில்லை.

ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவளுக்கு அந்தப் பெயரைக் கட்டிவிட்டவர் அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஆசை ஆசையாக மாட்டு விலாவைப் புகையில் வாட்டிக் குடும்பத்துக்கே விருந்து வைத்தாள். மூத்தார் ஒரு கடி கடித்தார். இழுத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர கறி வரவில்லை.

"செருப்பைக்கூட மென்னுடலாம்டா தம்பி, உன் பொண்டாட்டி கறிய முடியாது" என்று சொல்லி, ஜன்னல் வழியாகத் தெருநாய்க்கு எறிந்தார். நாயும் கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வீடே சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. அன்றிலிருந்து மூத்தாரின் பிள்ளைகளுக்கு அவள் செருப்புச் சித்தி.

கறி வேகவில்லை என்பது என்னவோ உண்மைதான். அது இஸ்திரிக் கை செய்த கோளாறு. துணி லேசாக நிறம் மாறினாலே பெட்டியைத் தூக்கிவிட வேண்டும் என்று பழகிய கை, விலாவின் மேல்பக்கம் கறுத்ததும் பதறிப்போய் எடுத்துவிட்டது. அந்த நிறத்துக்குப் பிறகுதான் கறிக்கு உண்மையான வேக்காடே ஆரம்பிக்கிறது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

தெரிந்துகொண்டாள். வேறு எதற்காகவும் இல்லை, அந்த மனுஷனைப் பழிவாங்கத்தான். லாரி பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் கணவன், சிரித்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக ஒரு பழைய டிரம்மை வெட்டி, கீல் வைத்து, மூடி போட்டுக் கொடுத்தான். விடுமுறை நாளெல்லாம் அவள் புழக்கடையில் அதன் முன்னால்தான் கிடந்தாள். எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வை உரித்தாள். உப்பும் மிளகும் தடவி ஊறவைத்தாள். காய்ந்த கொய்யாக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, புகை வெள்ளையாகப் பொங்காமல் மெல்லிசாக ஓடும்படி பார்த்துக்கொண்டாள். மூடியைத் திறக்கத் துடிக்கும் கையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேலே கறுத்ததும் தடித்த காகிதத்தில் சுற்றி மறுபடி உள்ளே வைத்து, எலும்பைப் பிடித்தால் கறி தானாகக் கழன்று வரும்வரை விட்டுவைத்தாள். கடைசியில் துண்டில் பொதிந்து ஆறவும் விட்டாள்.

"இவ்வளவு பாடுபட்டு அவருக்கா போடப்போற?" என்றான் கணவன்.

"அவருக்குத்தான்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் கொய்யாக் கட்டை உடைக்கப் போய்விட்டான்.

திட்டம் இதுதான். எல்லாருக்கும் வாயில் வைத்ததும் கரையும் விலா. மூத்தாருக்கு மட்டும், மேலே கறுத்ததும் எடுத்த விலா, அன்றைக்குப் போலவே. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. அவர் வழக்கம்போல "செருப்பு" என்று கத்துவார். வெண்ணெய் மாதிரிக் கறியை மென்றுகொண்டிருக்கும் வீடு இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரிக்கும். பொய்க்காரர், வயிற்றெரிச்சல் பிடித்தவர் என்று சொல்லும். அவர் முகத்தில் ஈயாடக்கூடாது. அதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் வந்தார்கள். அவளே பரிமாறினாள். மூத்தாருக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்த விலாவை அவர் தட்டில் வைத்தாள்.

"அய்யோ சித்தி, பஞ்சு மாதிரி இருக்கு!" என்றாள் மூத்தாரின் மகள். ஓரகத்தி பேச நேரமில்லாமல் எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தாள். கணவன் இரண்டாவது விலாவுக்குத் தட்டை நீட்டினான்.

மூத்தார் கடித்தார். தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். இவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றாள்.

"பிரமாதம்மா" என்றார் அவர். "வாயில வெச்சதும் கரையுது."

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் கறுவியது எதற்கு? இந்த ஆள் இப்போது பார்த்தா நல்லவராக வேண்டும்? "நல்லா இருக்குல்ல மாமா, இன்னொண்ணு சாப்பிடுங்க" என்று, அதே முரட்டு விலாவில் அடுத்த துண்டையும் வைத்தாள். பாராட்டின வாயால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அதையும் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, கை கழுவப் போகிறவர் மாதிரிப் புழக்கடைக்கு நழுவினார்.

அவள் பின்னாலேயே போனாள். டிரம் பக்கத்தில் திரும்பி நின்று, வாயிலிருந்து எதையோ கையில் எடுத்துக்கொண்டிருந்தார். பல்செட்.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். பல் இல்லாத வாயில் பேச்சு குழறியது. "புதுசா கட்டினது. எல்லாருக்கும் கரையுதுங்கிறாங்க, எனக்கு மட்டும் மெல்ல முடியல. இப்ப யோசிச்சா, அன்னைக்கும் கோளாறு உன் கறில இல்ல போல. அப்பவே என் பல்லு ஆட ஆரம்பிச்சிருந்துச்சு. உன்னைப் போய் அப்படிப் பேசிட்டேனே."

அன்றைக்குக் கறிதான் வேகவில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இன்றைக்கும் அப்படியே. ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் நிமிர்ந்துவிடுவார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன மாமா பிரயோஜனம்?" என்றாள். "எல்லார் முன்னாடியும்தானே பேசினீங்க? இதையும் அங்கயே சொல்லிடுங்க."

அவர் பல்செட்டை வேட்டி நுனியில் துடைத்தார். பல்லை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். முதலில் அவருடைய குரல் தணிந்து கேட்டது. அப்புறம் மகளின் குரல்.

"அப்போ கோளாறு சித்தி கறில இல்லையாப்பா, உங்க பல்லுலதானா? இனிமே நீங்கதான் செருப்பு அப்பா!"

வீடே சிரித்தது. அவள் கணவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

காகிதத்தில் ஒரு நல்ல விலா மிச்சமிருந்தது. நியாயமாக அது மூத்தாருக்குப் போயிருக்க வேண்டியது. அவள் டிரம்மின் மூடியில் சாய்ந்துகொண்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டபடி, எலும்பு வெளுக்கும்வரை அதைத் தின்று தீர்த்தாள்.