சோப்பு உறையில் நான் படித்த விலை

முதியோர் வகுப்பில் இந்த வருடம்தான் எழுத்தும் எண்ணும் படிக்கக் கற்றேன். அதனால் எதை வாங்கினாலும் உறையில் இருக்கும் விலையை நானே படித்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

இன்று விழுப்புரம் பஸ் ஏறும் முன், திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மளிகைக் கடையில் சோப்பு வாங்கினேன். உறையில் நாற்பது என்று இருந்தது. நாற்பது ரூபாய் கொடுத்தேன். கடைக்கார அம்மா நான்கு ரூபாயைத் திருப்பித் தந்தார்.

"தப்பா குடுக்கிறியேம்மா. நாப்பதுன்னு போட்டிருக்குது, நானே படிச்சேன்."

"அது பழைய விலைங்க. இப்ப வரிய கொறச்சிட்டாங்க."

"நீ பழைய வரி கட்டித்தானே இத வாங்கியிருப்ப? உனக்கு நஷ்டமாச்சே."

"கொஞ்சம் நஷ்டந்தாங்க. கொரோனாவுல கடைய மூடிக்கினு கெடந்தப்ப, வரி கட்ட எனக்குத் தவணை குடுத்தாங்க. இப்ப சனங்களுக்குக் கொறச்சத நான் அமுக்கிக்கினா நல்லாவா இருக்கும்?"

நான் விடவில்லை. அந்த நான்கு ரூபாயை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார்.

பின்னால் நின்றவர், "பெரியவரே, ஜல்தி எடுத்துக்கினு போங்க. விழுப்புரம் பஸ்ஸு கெளம்புது, நானும் அதுலதான் போவணும்" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விழுப்புரம் வரை அந்த அம்மாவின் நினைப்புதான்.

காசைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரரோடு சண்டை போட்டது என் வயதுக்கு இதுதான் முதல் முறை. உங்கள் ஊர்க் கடையில் இப்படி ஒரு சண்டைக்கு வழி உண்டா?