கடுகு கழற்றிய பம்பர்

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கடுகு என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம், கோபமோ மூக்கு மேல். அப்பா ஆரம்பித்த ஒர்க்‌ஷாப் அது. அவர் போன பிறகு தம்பி முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான், அக்கா காருக்கடியில் படுத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டுவது அவளுக்கு ஆகாது. இடிபட்ட காரின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவதுதான் அவள் வேலை. கல்யாணமாகி இரண்டு பெண்கள் பிறந்தும் அதை விடவில்லை. “எங்க வீட்ல சோறு குழையும், பம்பர் மட்டும் கோணாது” என்று அவள் வீட்டுக்காரரே கேலி செய்வார்.

அன்றைக்கு ஒரு நர்ஸின் வெள்ளைக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நின்றிருந்த வேனின் பின்னால் மெதுவாகத்தான் முட்டியிருக்கிறார். ஆனாலும் ரேடியேட்டர் நசுங்கி, அவர் மணிக்கட்டும் உடைந்து மாவுக்கட்டு.

“முன்னாடி ஒரு தடவை இடிச்சப்பவும் இங்கதானே கொடுத்தேன். உங்க கை பட்டா கண்ணை மூடிட்டு ஓட்டலாம்னு சொன்னாங்க” என்றார். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னார். கடுகுக்குத்தான் சுருக்கென்றது. இந்தக் காரைத் தொட்டதாகவே அவளுக்கு நினைவில்லை.

சக்கரத்துக்கு மேலிருந்த திருகாணிகளைக் கழற்றினாள், கிளிப்புகளை நெம்பினாள், முன்மூடியை இழுத்தாள். வெளியே தெரிகிற அந்தப் பிளாஸ்டிக் வெறும் அழகுக்கு. அதன் பின்னால் கெட்டியான நுரைக்கட்டை ஒன்றும், அதற்கும் பின்னால் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். அடியை வாங்கிக்கொள்வது அவை இரண்டும்தான்.

நுரைக்கட்டை இருக்க வேண்டிய இடத்தில் டிவிப் பெட்டிக்குள் வருகிற தெர்மோகோல் துண்டுகள். பழுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தது. இரும்புச் சட்டமும் பழையதுதான். சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தட்டிய இடத்திலேயே மடங்கி ரேடியேட்டருக்குள் புகுந்திருந்தது.

உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அவள் வேலைக்கு வராமலிருந்த வாரம் ஒன்று உண்டு. வேறு எப்போதும் இது நடந்திருக்க முடியாது.

“டேய், இங்க வா!”

தம்பி வந்தான். தெர்மோகோலைப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான்.

“யாருடா மாட்டினது?”

“நான்தான்க்கா. கத்தாதே, அவங்க வாசல்லதான் உட்கார்ந்திருக்காங்க.”

“கேக்கட்டும்! பார்ட் வரலைன்னா வரலைன்னு சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?”

“வந்துதுக்கா” என்றான்.

“வந்ததை என்னடா பண்ணினே?”

அவன் பார்வை ஒர்க்‌ஷாப்பின் மூலைக்குப் போனது. அங்கே கடுகின் கார் நின்றது. அதே கம்பெனி, அதே மாடல். அம்மா ஆபரேஷனன்று அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரித் தூணில் கொண்டுபோய் முட்டியிருந்தார். “நீ அம்மாவைப் பாரு, வண்டியை நான் பாத்துக்கறேன்” என்று தம்பி எடுத்துப் போனான். எவ்வளவு பாசமான தம்பி என்று அன்றைக்கு அவள் நெகிழ்ந்துகூடப் போனாள்.

“உன் வண்டில புள்ளைங்க போறாங்கல்ல, என் பையனும்தானே போறான். அதான் அவங்களுக்கு வந்த ஒரு செட்டை உனக்குப் போட்டேன். நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்?”

தெரியாமல் செய்திருந்தால்கூட இரண்டு அறையோடு விட்டிருப்பாள். எது காப்பாற்றும் என்று நன்றாகத் தெரிந்து, யாரைக் காப்பாற்றலாம் என்று இவனே பங்கு பிரித்திருக்கிறான்! இத்தனை நாளும் அந்த நர்ஸின் சட்டத்தை மாட்டிக்கொண்டு அவள் ஜம்மென்று ஓட்டியிருக்கிறாள். நினைக்கவே கூசியது.

நேரே வாசலுக்குப் போனாள். “உங்களுக்கு வந்த பார்ட்ஸை எடுத்து என் வண்டில போட்டிருக்கான் என் தம்பி. உங்க வண்டிக்குள்ள இருந்தது தெர்மோகோல். எனக்குத் தெரியாது, ஆனா நடந்தது எங்க கடைலதான்.”

நர்ஸ் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். “நல்லா இருக்கு உங்க நியாயம்” என்றார். “இனிமே எனக்குப் பிரிச்சுக் காட்டிட்டுதான் மூடணும்.”

“காட்டறேன்.”

கடுகு தன் காரைப் பிரித்தாள். நுரைக்கட்டையையும் சட்டத்தையும் கழற்றி நர்ஸின் காரில் பூட்டினாள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது தம்பியைத் திட்டினாள். முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். புது ரேடியேட்டர் வந்தபிறகு அவர் கண்ணெதிரிலேயே மூடுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

பிறகு தன் காருக்கு வெறும் முன்மூடியை மட்டும் மாட்டித் துடைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, பளபளவென்றிருந்தது.

பள்ளிக்கூடம் விடும் நேரம். தம்பி முன்னால் சாவியை நீட்டினாள்.

“போய்ப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வா.”

அவன் சாவியைப் பார்த்தான், காரைப் பார்த்தான். கை மட்டும் எழவில்லை.

“நடந்தே போய்க் கூட்டிட்டு வரேன்க்கா.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தம்மாவும் நடந்தே போயிருப்பாங்கடா” என்றாள் கடுகு.